ஊரார் எடுத்த பள்ளி
புக்கர் வாஷிங்டன் சரித்திரச் சுருக்கம்

பள்ளிக்கூடம் ஒன்றைச் செல்வர் ஒருவர் கட்டிக் கொடுத்தல் கூடும். அதனை ஊரினுடைய பள்ளிக்கூடமாக்குதல் அவர் ஒருவரால் மாத்திரம் கூடுவதன்று. சுவரும் கூரையும் பணத்தால் வருவன. கூரை ஒழுகுங்காலத்தில் உழவனொருவன் ஏணியோடு வந்து நிற்றலும், பிள்ளை பாடத்துக்குச் செல்லாதொழிந்த நாளிலே தாய் நாணுதலும், ஆசிரியருக்கு வேதனம் தாழ்த்தவிடத்து வீடுதோறும் பிடியரிசி சேர்தலும் பணத்தால் வருவனவல்ல. இந்த இரண்டாவது செல்வத்தை ஈட்டும் வழியைத் தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியவர்களுள் ஒருவர், அமெரிக்க தேசத்துக் கறுப்பின மக்களுள்ளே தோன்றிய புக்கர் வாஷிங்டன் என்பவர். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நம்மவர்க்கு அவருடைய சரித்திரம் பெரிதும் பயன்படும் என்று கருதி, பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள உறவு என்னும் ஒரு பொருளையே பற்றி ஈண்டு அதனைச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

புக்கர் 1856 ஆம் ஆண்டிலே வெர்ஜீனியா மாகாணத்துத் தோட்டமொன்றில் அடிமைத் தாயொருத்தியின் வயிற்றிற் பிறந்தார். தந்தை இன்னார் என்பதை அவர் அறிந்திலர். அடிமைகளைக் கூட்டி வைத்து எழுத்துக் கற்பித்தல் அக்காலத்தில் அம்மாகாணத்திலே சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. எசமானுடைய வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளி வாயில் வரை செல்வதே சிறுவராகிய புக்கருக்கு விதிக்கப்பட்ட தொழில். வாயிலுக்கு அப்பால் நிகழ்வதைப் பார்க்கும் உரிமை மாத்திரம் அவருக்கிருந்தது. உள்ளே புகும் உரிமை இல்லை.

1865 ஆம் ஆண்டிலே உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றனர். தாய் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேற்கு வெர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குச் சென்றாள். அங்கே சிறிய தந்தையார் உப்புக் காய்ச்சும் உலைகளிலே வேலை செய்துகொண்டிருந்தார். புக்கரும் முதலில் அவ்வுலைகளிலும், பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலைக்கு விடப்பட்டார். எழுத்தறியாத தாய் எவ்வாறோ தேடிக் கொடுத்த எழுத்துக்கூட்டுப் புத்தகம் ஒன்றே அவருக்கு முதலாசிரியராயிற்று.

அக்காலத்திலே அவ்வூரார் செய்த காரியமொன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். நேற்றுவரை அடிமைகளாயிருந்த அவர்கள் கையிலே காசில்லை. அரசினர் அவர்களுக்குப் பள்ளி வைத்துக் கொடுக்கவுமில்லை. எனினும் எழுத்தறிந்த இளைஞர் ஒருவரை ஆசிரியராகத் தேடிப் பிடித்து, வீட்டுக்கு இவ்வளவென்று மாதந்தோறும் பணஞ் சேர்த்துக் கொடுக்க உடன்பட்டனர். அத்துடன் ஆசிரியருக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் உணவும் உறைவிடமும் முறைவைத்து அளித்தனர். தம் வீட்டு முறை வரும் நாளை வீட்டார் பண்டிகை போல எதிர்பார்த்திருந்தனர். ஆசிரியர் எல்லா வீட்டிலும் உண்டபடியால் எல்லாப் பிள்ளைகளின் நிலையும் அவருக்குத் தெரிந்தது. எல்லா வீட்டாரும் அவருக்கு உணவளித்தபடியால் பள்ளி எல்லாருக்கும் உரியதாயிற்று. பிற்காலத்திலே புக்கர் பெரியதோர் அளவிற் செய்தது யாவும் இவ்வூர்ப் பள்ளியிலே அவர் கண்டதன் விரிவே என்பது எமது கருத்து.

வறுமை காரணமாகச் சிறிய தந்தையார் அவரைப் பகலிலே பள்ளிக்கு விட இசைந்திலர். ஆதலால் இரவிலே பாடங் கேட்டு, பின்பு விடியற்காலையில் ஒன்பது மணிவரை உலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் அனுமதியைப் பெற்றார். இடாப்பிலே பெயர் பதியும்போது மற்றைப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருத்தலைக் கண்டு, தமக்கு அடைபெயர் இல்லாமையால் வாஷிங்டன் என்பதைத் தாமே சேர்த்துக்கொண்டார்.

ஹாம்ப்டன் கல்லூரி

வெர்ஜீனியாவிலுள்ள ஹாம்ப்டன் என்னும் இடத்திலே ஆம்ஸ்ட்ராங் என்னும் சேனாபதி 1868 ஆம் ஆண்டு கறுப்பின மாணாக்கருக்கென ஒரு கல்லூரியைத் தாபித்திருந்தார். அங்கே வறியவர் வேலை செய்துகொண்டே கற்கலாம் என்னும் செய்தி சுரங்கத்திலே வேலை செய்துகொண்டிருந்த புக்கரின் காதில் விழுந்தது. 1872 ஆம் ஆண்டிலே அவர் அவ்விடத்துக்குப் புறப்பட்டார். வழியோ ஏறக்குறைய 500 மைல்.

புறப்படுகின்ற நாளிலே ஊரிலுள்ள முதியோர் பலர் வந்து, ஒருவர் ஒரு சிறு நாணயமும், ஒருவர் ஒரு கைக்குட்டையுமாக அவர் கையிலே கொடுத்தனர். தங்கள் வாழ்நாளின் நற்பகுதியை அடிமைத்தனத்திலே கழித்த அவர்கள், தங்கள் இனத்துப் பிள்ளையொருவன் கல்லூரிக்குச் செல்வதைக் காண்போம் என்று ஒருபோதும் எண்ணியவர்களல்லர். கொடுத்த பொருள் சிறிது. ஆயினும் இவன் எங்கள் பிள்ளை என்று ஊர் ஏற்றுக்கொண்டமைக்கு அது சான்றாயிற்று.

வழியிலே கால்நடையாகவும் பிறர் வண்டியில் இரந்து ஏறியும் சென்றார். ரிச்மண்ட் நகரை அடைந்தபோது கையிற் காசு ஒழிந்தமையால், பலகை பாவிய நடைபாதையின் கீழே மண்ணிற் படுத்துறங்கினார். கப்பலிலிருந்து சரக்கிறக்கும் வேலை செய்து வழிச்செலவு தேடிக்கொண்டு ஹாம்ப்டனை அடைந்தார். தலைமை ஆசிரியை ஓர் அறையைக் கூட்டும்படி பணிக்க, அவர் மும்முறை கூட்டி நான்முறை தூசி துடைத்தார். அதுவே அவருக்கு நுழைவுப் பரீட்சையாயிற்று. கட்டட ஊழியனாக வேலை செய்து கற்று 1875 ஆம் ஆண்டிலே தேறினார். தேறியபின் மால்டனுக்கே மீண்டு, பகலிலே பிள்ளைகளுக்கும் இரவிலே வேலையாட்களுக்கும் கற்பித்தார். கைக்குட்டையும் நாணயமும் கொடுத்த ஊருக்கு அவர் செலுத்திய கைம்மாறு அது.

டஸ்கீகிப் பள்ளி

அலபாமா மாகாணத்திலே டஸ்கீகி என்னும் சிற்றூரில் லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் இருந்தார். அவர் முன்பு அடிமையாயிருந்து, தகரவேலை முதலிய கைத்தொழில்களால் மதிப்புப் பெற்றவர். 1880 ஆம் ஆண்டுத் தேர்தலிலே வெள்ளையர் ஒருவர் கறுப்பின மக்களின் வாக்கை வேண்டி அவரிடம் வந்தபோது, ஆடம்ஸ் தமக்கென எதையும் கேளாது தம்மவர்க்கு ஒரு பள்ளி வேண்டுமென்று கேட்டார். அதன் பயனாக மாகாணச் சட்டசபை ஆண்டுக்கு 2000 டொலர் வழங்க இசைந்தது. ஆனால் அப்பணம் ஆசிரியர் வேதனத்துக்கு மாத்திரம் உரியது. நிலத்துக்கோ கட்டடத்துக்கோ ஒரு காசும் இல்லை. முன்பு அடிமைகளை வைத்திருந்தவரும் வங்கி நடத்துபவருமாகிய ஜோர்ஜ் காம்பெல் என்னும் வெள்ளையரும் ஆடம்ஸும் இக்காரியத்தில் ஒன்றுபட்டு நின்றமை கருதத்தக்கது. தலைமை ஆசிரியர் ஒருவரை அனுப்பும்படி ஆம்ஸ்ட்ராங்குக்கு எழுதப்பட்டபோது, அவர் புக்கரை அனுப்பினார்.

1881 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே வந்து சேர்ந்த புக்கர், கற்க விரும்பும் மக்களைக் கண்டாரேயன்றிப் பள்ளி எதனையுங் கண்டிலர். வேறொருவராயின் உடனே பாடத்திட்டம் வகுத்திருப்பர். அவரோ முதல் மாதத்தைக் கிராமங்களிலே சுற்றுவதிற் போக்கினார். ஓரறைக் குடிசைகளிலே உழவரோடு உண்டு உறங்கி, அவர்கள் வாழ்வைக் கண்ணாரக் கண்டார். வீட்டு வாயில் வரை பருத்தியே நட்டுக் கீரைக்கும் இடம் விடாதிருத்தலையும், விளைவு வருமுன்னே அது கடனுக்கு ஈடாதலையும் கண்டார். ஒரு வீட்டிலே, 60 டொலர் விலையுள்ள இசைப்பெட்டியொன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கி வைத்துவிட்டு, ஐவர் இருந்து உண்ணும் மேசையிலே ஒரே முள்ளுக்கரண்டியோடு நிற்பதையும் கண்டார். எதனைக் கற்பித்தல் வேண்டும் என்பதை அவருக்கு அக்குடிசைகளே கற்பித்தன.

1881 ஆம் ஆண்டு யூலை 4 ஆம் திகதி, தேவாலயமொன்றின் பக்கத்திலுள்ள பாழடைந்த கொட்டிலிலே 30 மாணாக்கருடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒரு மாணாக்கன் எழுந்து ஆசிரியர் தலைக்கு மேலே குடை பிடிக்க, மற்றையோர் பாடம் ஒப்புவிப்பர். சில காலத்தின் பின் 100 ஏக்கர் கொண்ட பழந்தோட்டமொன்று 500 டொலருக்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டன் கல்லூரிப் பொருளாளர் தம் சொந்தப் பணத்தில் 250 டொலர் கடன் கொடுத்தார். அக்கடனைத் தீர்த்தற்கும் மிகுதியைத் தேடுதற்கும் அவர் தூரதேசத்துச் செல்வரை முதலில் நாடினாரல்லர், ஊரையே நாடினார்.

ஒலிவியா டேவிட்சன் என்னும் துணையாசிரியை வெள்ளையர் வீடு, கறுப்பர் வீடு என்னும் வேறுபாடின்றி வீடுதோறுஞ் சென்று, பணியாரமோ கோழியோ அப்பமோ தரும்படி கேட்டு, அவற்றை விழாக்களிலே விற்றுப் பணமாக்கினார். பணமில்லாதோர் நெசவுத் துணியும் கரும்பும் கொடுத்தனர். எழுபது வயதுக் கிழவியொருத்தி கந்தலுடையோடு கோலூன்றி வந்து, தான் சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்துச் சென்றாள். பின்னாளிலே இலட்சக்கணக்கிற் பொருள் பெற்ற காலத்தும், அம்முட்டைகளைப் போல எக்கொடையும் தம் மனத்தை உருக்கியதில்லை என்னுங் கருத்தை அவர் தம் சரித்திர நூலிலே எழுதி வைத்தார். மூன்று மாதத்திற் கடன் தீர்ந்தது. மேலும் இரண்டு மாதத்தில் முழுத்தொகையும் செலுத்தப்பட்டு நிலம் பள்ளிக்குரியதாயிற்று.

செங்கல்லும் எதிர்ப்பும்

கட்டடங்களை மாணாக்கரே தம் கைகளால் எழுப்புதல் வேண்டுமென்பது அவர் கொள்கை. அவ்வூரிலே செங்கல் கிடையாமையால் சூளையிடத் துணிந்தார். மூன்று சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டன. கையிற் பணமில்லாத நிலையிலே தம் கடிகாரத்தை 15 டொலருக்கு ஈடு வைத்து நான்காம் சூளையிட்டார், அது பலித்தது. அக்கடிகாரத்தை அவர் மீட்டிலர். செங்கல் நன்றாயிருத்தலைக் கண்டு, இப்பள்ளியினால் தமக்கு ஒரு நன்மையும் இல்லையென்று எண்ணியிருந்த வெள்ளையரும் வாங்க வந்தனர். வாங்கவும் விற்கவும் பழகிய இடத்திலே பகைமை சிறிது தணிந்தது. ஊருக்கு வேண்டியதொன்று பள்ளியிலே இருந்தமையே அதற்குக் காரணம்.

இனி, எதிர்ப்பு வெளியாரிடமிருந்து மாத்திரம் வந்ததன்று. பிள்ளை புத்தகம் படிக்க அனுப்பப்பட்டதேயன்றி மண் சுமக்க அனுப்பப்படவில்லையென்று பெற்றோர் பலர் கடிதமெழுதியும் நேரில் வந்தும் முறையிட்டனர். அடிமைத்தனத்திலே மண் சுமந்தவர்க்கு அவ்வெறுப்பு இயல்பே. அவர் அவர்களைக் கடிந்து விலக்காது, மாகாணமெங்குஞ் சென்று பெற்றோரைக் கண்டு தம் கருத்தை விளக்கினார். பெற்றோர் சொல்வதைக் கேட்பதும் பள்ளித் தலைவரின் கடமைகளுள் ஒன்றென அவர் கொண்டமை இதனாற் புலனாகும்.

பள்ளி ஊருக்குச் சென்றமை

ஊர் பள்ளிக்குக் கொடுத்தால் மாத்திரம் போதாது. பள்ளியும் ஊருக்குச் செல்லுதல் வேண்டும். 1892 ஆம் ஆண்டிலே உழவர் மகாநாடு ஒன்றைக் கூட்டினார். சிலரே வருவர் என்று எண்ணியிருக்க, நூற்றுக்கணக்கானோர் வந்தனர். அங்கே படித்தவர் உபந்நியாசஞ் செய்ய உழவர் கேட்டிருக்கவில்லை. உழவர் தம் கடனையும் நிலத்தையும் பள்ளியையும் பற்றித் தாமே எழுந்து பேச, ஆசிரியர் கேட்டிருந்தனர். சனிக்கிழமைகளிலே சந்தைக்கு வந்து வேலையின்றி நிற்கும் தாய்மாரை, புக்கரின் மனைவி மார்கரெட் அம்மையார் மேன்மாடியறையொன்றிலே கூட்டி, குழந்தை வளர்ப்பையும் வீட்டு நடையையும் பற்றிக் கலந்து பேசினார். 1906 ஆம் ஆண்டிலே, தாவர நூலில் வல்ல கார்வர் என்னும் ஆசிரியர் வகுத்தபடி, உழவுக்கருவிகளும் விதையும் ஏற்றிய வண்டியொன்று கிராமந்தோறும் செல்லத் தொடங்கிற்று. பள்ளிக்கு வரமாட்டாதவர்பாற் பள்ளியே சென்றது.

1907 ஆம் ஆண்டிலே பிலதெல்பியா நகரத்து அன்னா ஜீன்ஸ் என்னும் அம்மையார் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்கென 10 இலட்சம் டொலர் நிதி வைத்தார். அந்நிதியை நடத்துவோரைத் தெரிதற்குப் புக்கரும் ஹாம்ப்டன் தலைவரும் பொறுப்பேற்றனர். அந்நிதியால் நியமிக்கப்பட்ட மேற்பார்வை ஆசிரியைகள் பள்ளிக்குப் பள்ளி சென்று கைத்தொழில் கற்பித்ததோடு, ஊர்தோறும் பெற்றோரைக் கூட்டிச் சங்கங்களும் அமைத்தனர்.

ரோசன்வால்ட் கொடை

சிக்காகோ நகரத்துப் பெருவணிகராகிய ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912 ஆம் ஆண்டிலே டஸ்கீகிப் பள்ளியின் பரிபாலகருள் ஒருவராயினார். அவர் கொடுத்த 25,000 டொலரில் ஒரு பகுதியைக் கொண்டு கிராமங்களிலே ஆறு சிறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாமா என்று புக்கர் வினாவினார், அவர் இசைந்தார். 1913 ஆம் ஆண்டிலே முதற்பள்ளி எழுந்தது. அடுத்த ஆண்டிலே மேலும் 100 பள்ளிகளுக்குக் கொடை விரிந்தது.

அக்கொடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வணிகர் ஒரு பகுதியே கொடுப்பார். மற்றதை ஊரார் பணமாகவோ நிலமாகவோ மரமாகவோ கைவேலையாகவோ தருதல் வேண்டும். அரசினரும் தம் பங்கைச் செலுத்தி, அப்பள்ளியைப் பொதுப் பள்ளியாக ஏற்று நடத்துதல் வேண்டும். கொடையாளர், ஊரார், அரசினர் என்னும் மூவரும் ஒவ்வொரு கால் நாட்டினாலன்றி அந்த முக்காலி நில்லாது.

புக்கர் அதன் முழு வளர்ச்சியைக் கண்டிலர். ஓய்வின்றி உழைத்து உடல் நலிந்து, 1915 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி, தமது 59 ஆம் வயதிலே டஸ்கீகியிற் காலமானார். குடை பிடித்துப் பாடங் கேட்ட பள்ளியிலே அப்போது நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இருந்தன.

அவர் இட்ட வித்து அவருக்குப் பின்பு விளைந்தது. 1932 ஆம் ஆண்டுவரையில் 15 மாகாணங்களிலே 4,977 பள்ளிக்கூடங்களும், ஆசிரியர் வீடுகள் 217 உம், தொழிற்கூடங்கள் 163 உம் எழுந்தன. மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடி 84 இலட்சம் டொலர். அதில் அரசினர் வரிப்பணம் 1 கோடி 81 இலட்சம். ரோசன்வால்ட் நிதி 43 இலட்சத்து 66 ஆயிரம். வெள்ளையர் கொடை 12 இலட்சம். கறுப்பின மக்கள் கொடுத்தது 47 இலட்சத்து 25 ஆயிரம். தேசத்துப் பெருஞ்செல்வர் ஒருவர் கொடுத்ததிலும், பருத்தி பறித்து உயிர் வாழ்ந்தோர் கொடுத்தது மிகுதி என்பதை இக்கணக்குக் காட்டும். அலபாமாவிலே பொலிஜி என்னும் ஊரில், அடிமைக்காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர், வாழ்நாளெல்லாஞ் சேர்த்த 38 டொலரை அழுக்கேறிய பையிலிருந்து கூட்டத்தார் முன்னே மேசைமேற் கொட்டினார். தமக்குப் படிக்கும் வயது கழிந்துவிட்டது என்பதை அறிந்தே அவர் கொட்டினார்.

குறைகூறியோரும் அவர் கூற்றும்

இச்சரித்திரத்தைக் குறைநீக்கிக் கூறுதல் முறையாகாது. 1895 ஆம் ஆண்டு அட்லாண்டா நகரத்துப் பேச்சிலே, கறுப்பின மக்கள் அரசியல் உரிமையை உடனே நாடாது தொழிலால் உயர்தல் வேண்டும் என்னுங் கருத்தை அவர் வெளியிட்டார். பேரறிஞராகிய டு போய்ஸ் 1903 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் அதனைக் கண்டித்தார். உரிமை இழந்தவர் உழைத்துச் சேர்த்ததைக் காத்துக்கொள்ளல் இயலாது என்பதும், உயர்கல்வியைக் கைவிடல் ஆகாது என்பதும் அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. 1901 ஆம் ஆண்டு அலபாமா அரசியற் சட்டம் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. வாக்கில்லாதவர் பள்ளிக்கு அரசினர் கொடுத்த பங்கோ மிகச் சிறிது. அவர்கள் வரியும் செலுத்தி, தம் பிள்ளைகளுக்குரிய பள்ளிக்கு மீண்டும் கையாலுங் கொடுத்தனர். ஒரு பொருளுக்கு இருமுறை விலை கொடுத்தனர். வாக்குரிமையைக் காத்தற்கு வழக்காடியோருக்குப் புக்கர் மறைவாகப் பொருளுதவி செய்தமை அவர் இறந்து பல்லாண்டுகளின் பின் அவர் கடிதங்களால் வெளியாயிற்று. மறைவாகச் செய்தற்குரிய நிலையிலே அவர் வாழ்ந்தார் என்பதே அக்காலத்தின் கொடுமையைக் காட்டும்.

ஆதலின் ஊரார் கொடை அரசினர் கடமைக்கு ஈடாகாது. ஊர் கொடுக்கின்றதென்று அரசினர் கையை மடக்கிக்கொள்ளவும், அரசினர் கொடுக்கின்றனரென்று ஊர் கையை மடக்கிக்கொள்ளவும் இடங்கொடுத்தல் ஆகாது. ரோசன்வால்ட் நிபந்தனையின் நுட்பம் இதுவே. அது அரசினரையும் பிணித்தது. நிறம் பற்றிப் பள்ளிகளைப் பிரித்தல் சட்டத்துக்கு மாறென்று 1954 ஆம் ஆண்டிலே அத்தேசத்து உயர் நீதிமன்றந் தீர்த்தது. அதன்பின் அப்பள்ளிகள் பல மூடப்பட்டன. எனினும் பல ஊர்களிலே பழைய மாணாக்கர் ஒன்றுகூடி, எஞ்சிய கட்டடங்களைப் பழுது பார்த்துப் பொதுமன்றங்களாகப் பேணி வருகின்றனர். தம் பாட்டன்மார் மரஞ் சுமந்த கூரையைப் பெயரர் விழவிடுகின்றிலர்.

நாம் கொள்ளத்தக்கன

இச்சரித்திரத்தால் ஆசிரியர் கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவாம். பள்ளி தொடங்குமுன் ஊரின் வீடுகளுக்குட் சென்று பார்த்தல் முதலாவது. பொருளைத் தூரத்திலே தேடுமுன் அண்மையிலே கேட்டலும், ஆறு முட்டையாயினும் அதனைப் பெருங்கொடையாக மதித்துக் கணக்கில் வைத்தலும் இரண்டாவது. பெற்றுக்கொண்ட ஊருக்கு, அதன் வயலுக்கும் அடுப்பங்கரைக்கும் பயன்படும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தல் மூன்றாவது. சங்கம், ஆலயம், வணிகர், அரசினர் என்னும் பலரையும் தத்தம் பங்கு இன்னதென்று வரையறுத்துப் பிணித்தல் நான்காவது. மாறுபட்டுப் பேசும் பெற்றோரை வெறாது எதிர்சென்று காணுதல் ஐந்தாவது.

இவற்றுள் ஒன்றேனும் பெரும்பணம் வேண்டுவதன்று. ஆசிரியரின் காலும் காதும் வேண்டுவன. பாடவேளை முடிந்தபின் ஒரு தெருவுக்குச் செல்லுதல், ஒரு திண்ணையில் இருத்தல், ஒரு தாயின் முறைப்பாட்டை முற்றக் கேட்டல் ஆகியவற்றாலேயே அத்தொண்டு தொடங்கும். அடிமைக் குடிசையிலே பிறந்து, பள்ளி வாயிலிலே நின்று திரும்பிய சிறுவர் ஒருவர், பிற்காலத்திலே பல்லாயிரம் பிள்ளைகளுக்கு அவ்வாயிலைத் திறத்தற்கு வழிசெய்தார். அத்தனை வாயிலையும் அவர் தனியே திறந்திலர். ஊராரின் கைகளையும் உடன் பிடித்துக்கொண்டே திறந்தார். ஆசிரியர் யாவரும் அவ்வழியைத் தத்தம் ஊரிலே கைக்கொண்டு, பள்ளியையும் ஊரையும் ஒரு குடும்பமாக்குவாராக.